எர்த் ராடு

திங்கள்சந்தைப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை.
எட்டாம் வகுப்பு பி பிரிவு.
மூன்று நாற்காலி எங்களுக்கு,
எதிரே ஒரு பெஞ்சு, வருகிற பிள்ளைகளுக்கு.
மேசைக்கடியில் என் பைக்குள்
ஒன்றரை மீட்டர் நைலான் கயிறு.
கொண்டுவந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

"மறுபடி கட்டிக் காட்டச் சொல்லக் கூடாது"
தொடங்குமுன்பே சொல்லிவிட்டார் சிசிலியா டீச்சர்.
"கையெழுத்துப் போட்டது றசல் சார்.
திரும்பச் சோதிச்சா அவரையே சோதிச்ச மாதிரி.
முதல் விதி என்ன? சாரணன் நம்பத்தக்கவன்.
வாசலிலேயே நாம அதை மீறவா?"

மாஹீன் அண்ணன் அவருக்கும் தலையாட்டினார்,
எனக்கும் தலையாட்டினார்.
தபாலாபீசில் முப்பது வருஷம்.
முத்திரை விழுந்த உறையை
அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை.

நான் மின்வாரியத்தில் வயர்மேன்.
"லைன் ஆஃப்" என்று கீழே நின்று சொல்பவன்
என் மச்சினன் கிறிஸ்துதாஸ்.
அவன் அக்காவைத்தான் கட்டியிருக்கிறேன்,
பொய் சொல்ல மாட்டான்.
என்றாலும்
ஒரு முனையை மண்ணில் இறக்கி
மறுமுனைக் கொக்கியைக் கம்பியில் மாட்டிய பிறகே
கை வைப்பேன்.
பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும்
அவன் முகம் வாடியதில்லை.
இது சந்தேகமா டீச்சர், என்று கேட்டேன்.

"கம்பி இல்லை அண்ணா,
அவன் பிள்ளை" என்றார்.

முதலில் வந்த இரண்டு பேரும்
கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னார்கள்.
மூன்றாவது ஷிபின் றோஸ்.
ஸ்கார்ஃப் வளையம் தாடைவரை ஏறியிருந்தது.
துவிதிய சோபான் ஏட்டை இரண்டு கையாலும் நீட்டினான்.

சும்மாதான் கேட்டார் டீச்சர்:
"பேச்சிப்பாறை முகாமில என்ன மக்கா சமைச்சே?"

"அவல்."

ஏட்டில் றசல் சாரின் பச்சை மசி:
சோறு, சாம்பார், தேர்ச்சி.

"அடுப்பு பத்தல்ல டீச்சர்.
றப்பர் விறகு நனஞ்சு போச்சு.
ரெண்டு குச்சியில பத்த வைக்கணும்,
நான் மூணு பெட்டி தீத்தேன்.
அடுத்த ஆழ்ச்ச பாக்கலாம்னு சார் சொன்னாரு.
அடுத்த ஆழ்ச்ச பரீட்சை."

"அப்போ இந்தக் கையெழுத்து?"

"அது சார் போட்டது.
நான் கேக்கல்ல."

மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
கண்ணாடியைக் கழற்றி
வேட்டி நுனியில் துடைத்தார் மாஹீன் அண்ணன்.
பைக்குள் கிடந்த என் கை
எந்த முடிச்சைக் கேட்கவந்தோம் என்பதையே
மறந்துபோனது.

அவனை வெளியே அனுப்பினோம்.

"பின்னால அடுப்பு மூட்டச் சொல்லலாம், இப்பவே"
என்றார் டீச்சர்.
"வேண்டாம், இது போதும்" என்றேன் நான்.
சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது,
ஒரு மணி நேரத்தில் கட்சி மாறிவிட்டோம்.
மாஹீன் அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
குழாயடியில் நின்று
அடுத்தவன் ஸ்கார்ஃபைச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் மாஹீன் அண்ணன்தான் எழுதினார்:
சமையல் மட்டும் இன்னொரு நாள்.
மற்றவை சரி.
பேட்ஜ் இன்றைக்கு இல்லை என்றதும்
"சரி" என்றான்,
பேருந்துக்கு நேரமாகிறவன் மாதிரி.
றசல் சாரிடம் யார் சொல்வது என்பதற்கு
இன்னும் ஆள் கிடைக்கவில்லை.
கயிறு அவிழாமலே வீட்டுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை, இரணியல் பக்கம்,
லைனில் தென்னை மட்டை.
"ஆஃப்" என்றான் கிறிஸ்துதாஸ்.
ஏணியில் பாதியில் நின்றுகொண்டு யோசித்தேன்.
கீழே நிற்பது அந்தப் பையனாக இருந்து
அவன் சொன்னால்
அப்படியே நம்புவேன்.

நம்பிக்கொண்டே
ராடை மாட்டுவேன்.